பகைக்காரர்களைப் பக்கத்தில் உட்கார வைத்த மைனி

அடிக்க வந்தவனை, அடிபட வேண்டியவனுக்குப் பக்கத்திலேயே கொண்டு உட்கார வைப்பாள். தோளும் தோளும் முட்டும்படி ஒரே பெஞ்சில். கேட்பவர்கள் யாரும் முதலில் நம்புவதில்லை. நான் அந்தப் பெஞ்சில் இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

சாராயக்கடைகளை ஏலம் விட்டு நடத்திய காலம். நாகர்கோவிலில் கோட்டாறு சந்தைக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் அந்தக் கடை இருந்தது. முன்பக்கம் குத்தகைக்காரரின் சாராயம். பின்பக்கம் ஓலைச்சாய்ப்பில் அவளுடைய அடுப்பு. சாராயத்தை முன்னால் வாங்கிக்கொண்டு, கறிக்குப் பின்னால் அவளிடம் போக வேண்டும். ஊரில் அதை மிக மோசமான கடை என்பார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அந்தச் சந்து வழியாக நடக்கக்கூட மாட்டார்கள்.

மோசமான கடைகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. மார்த்தாண்டத்தில் சந்தை நாளில் குடித்திருக்கிறேன். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் கத்தியை இடுப்பில் சொருகியபடியே வந்து உட்காருகிற கடையில் குடித்திருக்கிறேன். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலுக்குப் போய்த் திரும்பியவர்களோடு குடித்திருக்கிறேன். போன இடத்தில் எல்லாம் அடித்திருக்கிறேன். வாங்கியது குறைவு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சந்தையில் மூட்டை சுமந்தவன், இன்றைக்கு லாரிகளும் ஒரு கல்யாண மண்டபமும் வைத்திருக்கிறேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. குடியையும் நானாகத்தான் விட்டேன், டாக்டர் சொல்லி விடவில்லை. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட நான் ஒரு பொம்பளை சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குத் தங்கப்பன் என்று ஒரு பகையாளி இருந்தான். சந்தையில் அரிசி லாரி வந்தால் யார் ஆட்கள் மூட்டை இறக்குவது என்பதில் அவன் கூட்டத்துக்கும் என் கூட்டத்துக்கும் தகராறு. ஒரு நாள் அவன் ஆட்கள் என் தம்பியின் கையை உடைத்துவிட்டார்கள். தங்கப்பனை நேருக்கு நேர் பார்க்கிற அன்றைக்கு மூட்டைக் கொக்கியாலேயே கிழிப்பேன் என்று சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சொன்ன பிறகு செய்யாவிட்டால் என் கூட்டத்தில் ஒருவனும் நிற்க மாட்டான். செய்தால் ஜெயில். எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. அந்த நிலையில்தான் நான் தினமும் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவனும்தான்.

அவள் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் மைனி. எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒருத்தன் ஒரு தடவை போதையில் கேட்டான்.

"எல்லாருக்கும் நீ மைனின்னா, எங்க அண்ணன் யாரு மைனி?"

"ஒங்க அண்ணன் யாருன்னு ஒங்க அம்மைகிட்ட போயி கேளுல" என்றாள், அகப்பையை நிறுத்தாமல். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

நெற்றியில் ஒன்றும் வைக்க மாட்டாள். கழுத்தில் சிலுவையும் கிடையாது. கோயிலுக்குப் போகிறவளா, சர்ச்சுக்குப் போகிறவளா, அய்யாவழிக்காரர்களின் பதிக்குப் போகிறவளா என்று கண்டுபிடிக்க நிறையப் பேர் முயற்சி செய்தார்கள். முடியவில்லை. தோளில் எப்போதும் ஒரு துவர்த்துத் துண்டு கிடக்கும். வியர்வையையும் அதில்தான் துடைப்பாள், சட்டியையும் அதில்தான் இறக்குவாள். ஆள் உயரம் கிடையாது. குரலும் பெரிசு கிடையாது. சாராயக்கடையில் கத்தாமல் பேசுகிற ஒரே ஆள் அவள்தான் என்பதால், அவள் பேசினால் எல்லாரும் காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தச் சாய்ப்புக்குள் மேசை கிடையாது. பக்கத்தில் அரிசி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் சுவர்தான் ஒரு பக்கம். சுவரில் நீளமாக ஒரு பலகை அடித்திருந்தாள். பலகைக்கு முன்னால் நீளப் பெஞ்சு. உட்காருகிற எல்லாரும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். இலையும் கிளாசும் பலகையில். சுவரில் பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. காரை பெயர்ந்த இடங்கள் இருக்கும். அவ்வளவுதான்.

உள்ளே நுழைகிறவனை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். யாருக்கும் யாருக்கும் வழக்கு, எவன் எவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறான் என்பதெல்லாம் சந்தை அரிசியோடு சேர்ந்து அவளிடம் வந்துவிடும். வெவ்வேறு மூலையில் உட்கார வைப்பாள் என்றுதானே நினைப்பீர்கள். மற்ற கடைகளில் அதைத்தான் செய்வார்கள். மூலைக்கு மூலை முறைத்துக்கொண்டே இருந்து, மூன்றாவது கிளாசில் ஒருத்தன் எழுந்து வருவான். அவன் எழுந்து வருகிற அந்த நடையிலேயே பாதிக் கோபம் ஏறிவிடும். மைனி அதற்கு இடமே கொடுக்க மாட்டாள்.

"அங்க இரி" என்பாள். பகையாளிக்குப் பக்கத்து இடம்தான் காலியாக இருக்கும்.

"மைனி, அவன் பக்கத்துலயா?"

"அவன் மடியிலயா இரிக்கச் சொன்னேன்? பக்கத்துலதான. மொகத்தப் பாக்காத, கறியப் பாரு."

பக்கத்தில் இருக்கிறவனை அடிப்பது லேசான காரியம் இல்லை. நான் அடிதடியில் கை தேர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். கை வீச இடம் வேண்டும். முழு உடம்பும் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவன் கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்க்காமல் எவனுக்கும் வெறி முழுசாக வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் ஒருவனைத் திட்ட முடியும்?

கடைக்குள் கொக்கியோ கத்தியோ கொண்டு வரக் கூடாது என்று அவள் சொன்னதே இல்லை. குத்தகைக்காரர் ஒரு தடவை அதற்கு ஒரு ஆளைப் போட்டுச் சோதனை செய்யலாமா என்று கேட்டார். "இடுப்புல இருக்கது இடுப்புல கெடக்கட்டும். கை எங்க இருக்குன்னுதான் நான் பாப்பேன்" என்றாள்.

கையை அவள் சும்மா விட்டதில்லை. குடிக்கிறவன் தின்றே ஆக வேண்டும். சாராயத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவாள். நன்றாக உடுத்திய ஒரு குமாஸ்தா கொஞ்ச நாள் வந்தார். யார் வம்புக்கும் போகாதவர். ஆனால் ஒரு துண்டு மீன் தொட மாட்டார், கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். "வெறுங்கையோட இரிக்கவனக் கண்டா எனக்கு வயித்தக் கலக்கும் சார். நீங்க வேற கடை பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் மேல் எங்களுக்குப் பரிதாபமாக இருந்தது. அவள் மசியவில்லை.

என்ன கறி என்பதும் அவள் முடிவுதான். துக்கத்தோடு வந்தவனுக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும், சூடாக, நிறைய. கோபத்தோடு வந்தவனுக்கு முள்ளுவாளை. அந்த மீனைத் தின்றவர்களுக்குத் தெரியும். சதைக்குள்ளே சதையாக நுண்ணிய முள் ஓடும். ஒவ்வொரு கவளத்தையும் விரலால் நசுக்கி, நாக்கால் தேடி, முள்ளை எடுத்து வைத்துவிட்டுத்தான் விழுங்க வேண்டும். பேச்சுக்கு இடமில்லை. கவனம் பிசகினால் தொண்டையில் நிற்கும். பெருமை பேசிக்கொண்டு வருகிறவனுக்கு ஊறுகாய் மட்டும். எனக்கு நிறைய ஊறுகாய் கிடைத்திருக்கிறது.

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரன் எச்சில் கையால் எவனையும் தொட மாட்டான். கறி புரண்ட கையால் ஒருவன் சட்டையைப் பிடித்தால் பார்க்கிறவன் சிரிப்பான். அடிக்கிறவன் கை கழுவிவிட்டு வர வேண்டும். கை கழுவுகிற தொட்டி அவள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போனால் அவள் ஏதாவது பேச்சுக் கொடுப்பாள். "பிள்ளைக்கு அம்மை போட்டிருந்துதே, எறங்கிட்டா?" என்பாள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பும்போது அடிக்கிற எண்ணம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

புதுசாக வந்த எஸ்.ஐ. ஒருவர் ஒரு நாள் மத்தியானம் உடுப்போடு உள்ளே வந்துவிட்டார். தேங்காய்த் திருட்டு வழக்கில் ஒருத்தனைத் தேடி. ஆள் பெயர் தெரியும், முகம் தெரியாது. நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். மைனி பதறவில்லை.

"சாரே, தொப்பியக் கழத்தி வச்சிட்டு இரிங்க. மீனு ஆறிரும்."

அவருக்குப் பசி போல. உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவன்தான் அவர் தேடி வந்த ஆள். இரண்டு பேரும் முள் எடுத்து எடுத்துத் தின்றார்கள். நடுவில் அவன் தன் இலையிலிருந்த கிழங்கை அவருக்குத் தள்ளி வைத்தான். தின்று முடித்துக் கை கழுவிய பிறகு, அவனிடமே, அந்தப் பயல் எங்கே என்று கேட்டார்.

"இப்பத்தான் சார் போனான்" என்றான்.

அவர் போன பிறகு மைனி அவனைக் கூப்பிட்டாள். "தின்னாச்சுல்லா? இனி நீயா போயி ஸ்டேஷன்ல நில்லு. ஒன்கூட இரிந்து தின்னவரு. அடிக்க மாட்டாரு."

பயந்துகொண்டேதான் போனான். அடி விழவில்லையாம். எஸ்.ஐ. அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீயால அது?" என்று மட்டும் கேட்டாராம். வழக்கு வழக்காக நடந்தது, அது வேறு.

அவளுடைய ஏற்பாட்டைக் குலைக்கப் பார்த்தவர்களும் உண்டு. குத்தகைக்காரரின் மகன் துபாயிலிருந்து லீவில் வந்தான். அங்கே ஓட்டலில் வேலை பார்த்தவன். சாய்ப்பைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். மனுஷன் சுவரைப் பார்த்தா தின்பான், முகத்துக்கு முகம் பார்த்துப் பேசித் தின்பதுதான் மரியாதை என்றான். பெஞ்சையும் பலகையையும் எடுத்துப் போட்டுவிட்டு, இரும்பு மேசைகளும் மடக்கு நாற்காலிகளும் கொண்டு வந்தான். மேசைக்கு நாலு பேர், எதிரும் புதிருமாக.

"மொகம் பாத்தா மரியாதை வருமா மக்கா? செரி, போடு" என்றாள் மைனி. அடுப்பை அணைத்து, துவர்த்தை உதறித் தோளில் போட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மடக்கு நாற்காலி அடிப்பதற்கு அவ்வளவு வசதியான சாமான் என்று அன்று சாயங்காலம்தான் எல்லாருக்கும் தெரிந்தது. மடக்கினால் கைக்கு அடக்கம், விரித்தால் தடுக்கவும் ஆகும். அந்த வாரமே குத்தகைக்காரர் தானே ஆள் வைத்துப் பலகையைச் சுவரில் திரும்ப அடித்தார். மகனுக்கு நெற்றியில் தையல். மைனி திரும்பி வந்து அடுப்பை மூட்டினாள். அவனுக்கு மட்டும் முள் இல்லாத மீனாகப் பார்த்துக் கொடுத்தாள்.

பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. அது மோசமான கடை என்று ஊர் சொன்னதற்குக் காரணம், மோசமான ஆட்கள் எல்லாரும் அங்கே வந்தார்கள். அவர்கள் அங்கே வந்ததற்குக் காரணம், வெட்டுப்படாமல் குடிக்கக் கூடிய ஒரே கடை அதுதான். இதை நான் யாரிடமும் படித்ததில்லை. இன்றைக்கும் என் மண்டபத்தில் சொந்தக்காரர்களுக்குள் சண்டை இருக்கிற கல்யாணம் என்று தெரிந்தால், பந்தியில் இலை போடும்போது நானே போய் நிற்பேன். பேசாமல் இருக்கிற இரண்டு மாமன்மாரை அடுத்தடுத்த இலையில் உட்கார வைப்பேன். எதிரெதிர் வரிசை கூடவே கூடாது. கையில் தட்டோடு நின்று தின்கிற பபே வந்த பிறகு கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் மண்டபத்தில் இதுவரை ஒரு நாற்காலி பறந்ததில்லை.

அரசாங்கம் சாராயக்கடைகளை மூடிய பிறகு அந்தச் சந்தில் ஒரு செல்போன் கடை, ஒரு தையல் கடை என்று மாறி மாறி வந்தன. மைனி மகள் வீட்டுக்குப் போனதாகச் சிலர் சொன்னார்கள். அருமனைப் பக்கம் என்றார்கள், திருவனந்தபுரம் என்றார்கள். நான் இரண்டு தடவை காரை எடுத்துக்கொண்டு போய் விசாரித்தேன். பெயர் தெரியாமல் எப்படி விசாரிப்பது? சாராயக்கடையில் மீன்கறி வைத்த ஒரு மைனி என்றால், ஒவ்வொரு ஊரிலும் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

தங்கப்பன் விஷயத்தைச் சொல்கிறேன்.

அதுவரை நானும் அவனும் கடைக்கு வந்தாலும் வெவ்வேறு நேரம் பார்த்துத்தான் வருவோம். சொல்லாமலே ஒரு ஏற்பாடு. அன்று மத்தியானம் ஒரு லாரி தாமதமாக வந்ததில் எல்லாம் மாறிவிட்டது. நான் உள்ளே நுழையும்போது அவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். என் பின்னால் என் ஆட்கள். அவன் ஆட்கள் சந்தின் மறுமுனையில் டீக்கடையில் நிற்கிறார்கள். அவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். இனி திரும்பிப் போக முடியாது.

என் ஆட்களை வெளியே நிற்கச் சொன்னேன். இது என் ஒருவனுடைய காரியம். கொக்கி இடுப்பில் இருந்தது. மைனி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அங்க இரி."

"மைனி, இன்னைக்கு நீ இதுல தலையிடாத."

"நான் என்னத்துக்குத் தலையிடுகேன்? எனக்குக் கறி தீரணும். தின்னுட்டு என்ன வேணாலும் பண்ணுங்க. இரி."

உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தோளுக்குத் தோள் தங்கப்பன். அவன் மூச்சு எனக்குக் கேட்கிறது. இலை வந்தது. இரண்டு பேருக்கும் முள்ளுவாளை. நான் முள்ளை எடுத்தேன். அவனும் எடுத்தான். சுவரைப் பார்த்தேன். அவ்வளவு மெதுவாக நான் எந்தச் சாப்பாட்டையும் சாப்பிட்டதில்லை. ஏனென்றால் சாப்பாடு முடிந்தால் அடுத்தது என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மீன் தீர்ந்தது. கிழங்கும் தீர்ந்தது. கை காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொண்டன. யாரும் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்து வெளியே போகிறவன் பயந்து ஓடினவன் ஆகிவிடுவான். எழுந்து அடிக்கலாம் என்றால் கை கழுவ வேண்டும். கை கழுவப் போனால் முதுகைக் காட்ட வேண்டும். அப்படியே இருந்தோம். வெளியே சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு கூட்டமும் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தது.

"கை காஞ்சு போச்சே. எந்திரிங்க ரெண்டு பேரும்" என்றாள் மைனி.

"அவன் மொதல்ல எந்திரிக்கட்டும்" என்றேன்.

"அவனுக்கு என்ன, அவன் எந்திரிக்கட்டும்" என்றான் தங்கப்பன், சுவரிடம்.

"யாரும் மொதல்ல எந்திரிக்காண்டாம். இந்த அண்டாவப் பிடிங்க. எங்கூட வேலைக்கு நிக்கவ இன்னைக்கு வரல்ல. கிழங்கு அவிச்ச வெந்நி, கொண்டு ரோட்டோர ஓடையில கொட்டணும்."

பெரிய அண்டா. கழுத்து வரைக்கும் கொதிநீர். இரண்டு பக்கமும் வளையம். நாங்கள் அசையவில்லை.

"சந்தையில சொமட்டுக்காரனுவன்னு நெஞ்சத் தள்ளிட்டு நடக்கியோ. ஒரு அண்டா தூக்க நான் கிட்டங்கியில இருந்து பொம்பளையளக் கூப்பிடணுமால?"

அந்தப் பேச்சை இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை. ஒரே நேரத்தில் எழுந்தோம். எழுந்த பிறகுதான் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறோம் என்று தெரிந்தது. தோளில் கிடந்த துவர்த்தை அவள் இரண்டாகக் கிழித்தாள். வளையம் சுடாமல் இருக்க ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள்.

அண்டாவைத் தூக்கினோம். தங்கப்பன் என்னைவிட உயரம். அவன் நிமிர்ந்ததும் வெந்நீர் என் பக்கம் சரிந்தது.

"தாத்திப் பிடிலே" என்றேன். தம்பியின் கை உடைந்த பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தாழ்த்திப் பிடித்தான். இப்போது யார் கையை விட்டாலும் இரண்டு பேர் காலும் வெந்துவிடும். முழங்காலை வளைத்து, அடி பார்த்து அடி வைத்து, சாய்ப்பைத் தாண்டிச் சந்துக்கு வந்தோம். அவள் அடுப்புக்குப் பின்னாலேயே ஒரு சாக்கடை இருந்தது. தினமும் அதில்தான் கொட்டுவாள். அது அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை.

சந்தில் ஒரு பக்கம் என் ஆட்கள், கையில் கொக்கியோடு. மறுபக்கம் அவன் ஆட்கள். ஆவி பறக்க நாங்கள் நடுவில். என் ஆட்களில் மூத்தவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணாச்சி, என்னது இது?"

"வெந்நி. வெலகு."

விலகினான். தங்கப்பன் ஆட்களும் சுவரோடு ஒட்டினார்கள். ஓடை வரைக்கும் அப்படியே கொண்டு போனோம். இரண்டு பேரும் சேர்ந்து சாய்த்தோம். நீர் முழுக்க வடிகிற வரைக்கும் நின்றோம். கொக்கி என் இடுப்பில்தான் இருந்தது. வலது கை வளையத்தில் இருந்தது.

வாசலில் இருந்து மைனியின் குரல் வந்தது. "அண்டா என்ன ஒங்க வீட்டுச் சீதனமா? திருப்பிக் கொண்டு வாங்கல."

காலி அண்டாவை ஒருவனே ஒரு விரலில் தூக்கிவிடலாம். ஆனால் விட்டுக்கொடுக்கிறவன் யார்? நானும் விடவில்லை, அவனும் விடவில்லை. ஆளுக்கொரு வளையமாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு கூட்டத்துக்கும் நடுவே திரும்ப நடந்து வந்தோம்.

"ஏலே, இவ நம்மள நல்லா மடையனாக்கிட்டா" என்றான் தங்கப்பன், உதடு அசையாமல்.

"அது எனக்குத் தெரியும். நீ சிரிக்காம நட" என்றேன்.